பிளக் பாயிண்ட்டுக்கு முத்திரை குத்த முடியுமா?

கடையில் இருக்கும் எடைக்கல்லுக்கு அரசாங்க முத்திரை உண்டு. அது இல்லையென்றால் இந்தக் கடை ஒரு கிலோ அடுத்த கடையில் தொள்ளாயிரம் கிராம்தான். இதே வில்லங்கம் கரண்ட் வயரிலும் உண்டு!

செல்போன் சார்ஜர், எல்.இ.டி. பல்பு, கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் உள்ளுக்குள் நொடிக்குப் பல்லாயிரம் தடவை சுவிட்சைப் போட்டு அணைக்கிற ஜாதி. அந்த இரைச்சல், கரண்ட் வந்த வயரிலேயே திரும்பி வெளியே போகும். பக்கத்து வீட்டு ரேடியோ 'கர்ர்ர்' என்று கத்தும். 1934-ல் தொடங்கிய சிஸ்பர் என்ற சர்வதேசக் கமிட்டி இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. வீட்டு உபயோகப் பொருட்களுக்கு 0.5 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை 56 டெசிபல் மைக்ரோவோல்ட். அதாவது சுமார் 0.63 மில்லிவோல்ட். 230 வோல்ட் ஓடுகிற வயரில் இதைத் தேடிப் பிடிக்க வேண்டும் (வைக்கோல் போரில் ஊசி என்பதெல்லாம் சும்மா).

சிக்கல் அதுவும் இல்லை. இரைச்சல் எத்தனை வோல்ட் என்பது, எதிரே இருக்கும் பிளக் பாயிண்ட்டின் இம்பீடன்ஸைப் பொறுத்தது. வயரின் நீளம், பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் என எதை மாற்றினாலும் அதுவும் மாறும். ஒரு லேபில் பாஸான சார்ஜர் இன்னொரு லேபில் ஃபெயில். ஆர்டர் போச்சு, யாரைக் கேட்பது?

அதற்குத்தான் நடுவே எல்.ஐ.எஸ்.என். என்ற பெட்டி. முழுப்பெயர் லைன் இம்பீடன்ஸ் ஸ்டெபிலைசேஷன் நெட்வொர்க். 50 மைக்ரோஹென்றி காயில், 50 ஓம். வெளியிலிருந்து வரும் குப்பையைத் தடுத்து, சார்ஜரின் இரைச்சலை மட்டும் மீட்டருக்கு அனுப்பும். எந்த அதிர்வெண்ணில் எத்தனை ஓம் காட்ட வேண்டும் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். முத்திரை குத்திய பிளக் பாயிண்ட் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரே கல்லால் அரிசியையும் தங்கத்தையும் நிறுக்க முடியுமா? காரில் பேட்டரியிலிருந்து கருவிக்குச் சில மீட்டர் வயர்தான். மீட்டருக்குச் சுமார் ஒரு மைக்ரோஹென்றி என்று போட்டால், அங்கே 5 மைக்ரோஹென்றி பெட்டிதான் நியாயம். வீட்டுப் பெட்டியைக் காருக்கு வைத்தால் நம்பர் வரும், அர்த்தம் வராது. சோலார் இன்வெர்ட்டரின் டி.சி. பக்கத்துக்கு 150 ஓமில் தனி நெட்வொர்க்.

இதில் உயிர் போகிற விஷயம் ஒன்று உண்டு. வீட்டு வகைப் பெட்டிகள் பலவற்றில் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே சுமார் 12 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருக்கும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 0.87 ஆம்பியர் எர்த்துக்கு ஓடும். 30 மில்லிஆம்பியருக்கே விழுகிற வீட்டு ஆர்.சி.சி.பி. உடனே டிரிப் ஆகும். அது தொல்லை என்று சிலர் ஆர்.சி.சி.பி.யைச் சுற்றி வயர் இழுப்பது படு முட்டாள்தனம். எர்த் வயர் கழன்றிருந்தால் அந்த இரும்புப் பெட்டியே ஷாக் அடிக்கும். முன்னால் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும். எர்த் போல்ட்டை முதலில் முறுக்கி, கடைசியில்தான் கழற்ற வேண்டும்.