மறுபாதி சொல்ல ஆள் வேண்டும்

எங்கள் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிறு. அதுவும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலைப் பூசை முடிந்து ஆண்கள் கரையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் புதுச்சட்டையோடு மணலில் கிடந்தார்கள். ஊரே கரையில் இருந்த நேரம் பார்த்துக் கடல் ஏறி வந்தது.

குளச்சலுக்குப் பக்கம் எங்கள் ஊர். முன்னால் கடல், பின்னால் ஏ.வி.எம். கால்வாய். அலைக்குத் தப்பி ஓடியவர்களில் பலரைக் கால்வாய் வாங்கிக்கொண்டது.

அன்று ராத்திரி மேட்டுப்பக்கம் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் ஒண்டினோம். யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ரேஷன் கார்டுகூட மிஞ்சாத ஜனம். கோயில் காரியம் பார்க்கிற கோயில்பிள்ளைதான் எழுந்து, "அழுதது போதும், அன்பியம் வாரியா உக்காருங்க" என்று சத்தம் போட்டார்.

அன்பியம் என்றால் அக்கம்பக்கத்து முப்பது வீடு. வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வோம், கட்டன்சாயா குடிப்போம், சண்டையும் போடுவோம். பெயர் எழுதிய நோட்டு கடலோடு போய்விட்டது. எங்கள் தலைவி அக்கா கண்ணை மூடிக்கொண்டு வீடு வீடாகச் சொன்னாள். "கிணத்தடி வீட்டுல ஆறு பேரு. தங்கச்சிக்க பிள்ள லீவுக்கு வந்து நிக்கி, ஏழு." விருந்துக்கு வந்த குழந்தையும் அவள் கணக்கில் தப்பவில்லை. விடிவதற்குள் யார் யாரைத் தேடவேண்டும் என்ற பட்டியல் கையில் இருந்தது. பெயர் எழுத வந்த அதிகாரிகளும் அதைத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

பெட்டி இல்லை, தனிக்குழி இல்லை; பிளீச்சிங் பவுடர் வாடைக்குள் ஒரே குழியில் அடக்கினோம். ஆனாலும் முகம் அடையாளம் தெரிந்த எவரும் பெயர் சொல்லப்படாமல் மண்ணுக்குள் போகவில்லை.

முகாமில் தினமும் செபமாலை நடந்தது. ஒருவர் முற்பாதி சொல்ல, மற்றவர்கள் பிற்பாதி சொல்லவேண்டும். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒருத்தி வந்து உட்காருவாள், வாய் திறக்கமாட்டாள். அவள் முறை வரும்போது பக்கத்தில் இருப்பவள் ஒன்றும் பேசாமல் எடுத்துச் சொல்வாள். யாரும் புத்தி சொல்லவில்லை, கடவுள் சித்தம் என்று தேற்றவுமில்லை. தவக்காலம் பாதி கழிந்தபோது ஒருநாள் அவளே தன் முறையை எடுத்தாள். நடுவில் தொண்டை அடைத்தது. மிச்சத்தை மற்றவர்கள் முடித்தார்கள்.

இதற்காக எங்கள் கோயில் பங்கை மோட்சம் என்று சொல்லவரவில்லை. வள்ளம் யாருக்கு, வீடு யாருக்கு என்று வந்தபோது கோயில் முற்றத்திலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டோம். அப்படி அடித்துக்கொண்டவர்கள்தான் மறு ஞாயிறு ஒரே வரிசையில் நற்கருணை வாங்க நின்றார்கள்.

இப்போது என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள்: "பூசைதான் டி.வி.யிலயே வருதே தாத்தா, கோயிலுக்கு எதுக்குப் போகணும்?" வீட்டிலிருந்து கும்பிட்டாலும் கடவுளுக்குக் கேட்கும், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் விசுவாசம் எப்போதும் நம் கைவசம் இருக்கும் என்று நம்பக்கூடாது. அது கைவிட்டுப் போகிற நாளில் நமக்குப் பதிலாக அதைப் பிடித்துக்கொண்டிருக்க நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரைச் சுனாமி அன்று போய்த் தேடமுடியாது. சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில்தான் சம்பாதிக்கவேண்டும்.