பரிசலில் விழுந்த பொத்தல்

நாகமரையிலிருந்து பண்ணவாடிக்கு விசைப்படகிலேயே போயிருக்கலாம். விட்ட வலையை எடுக்கப் புறப்பட்ட மீனவப் பெரியவர் ஒருவர் தன் பரிசலில் இடம் கொடுத்ததால் அதில் ஏறிக்கொண்டேன். இந்தக் கரை தர்மபுரி மாவட்டம், அந்தக் கரை சேலம் மாவட்டம். நடுவில் காவிரி. ஆனால் அங்கே அது ஓடுகிற ஆறு இல்லை. மேட்டூர் அணையில் முட்டிப் பின்னோக்கித் தேங்கி நிற்கும் நீர். கோடையில் அது வற்றும்போது, அணைக்காக மூழ்கிய ஊர்கள் ஒவ்வொன்றாகத் தலை காட்டும். பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வந்திருந்தன. அவற்றைப் பார்க்கத்தான் புறப்பட்டிருந்தேன்.

பாதித் தூரம்கூடப் போயிருக்க மாட்டோம். அடியில் ஏதோ உரசியது. மூங்கில் முறியும் சத்தம் மெதுவாகக் கேட்டது. அடுத்த நிமிடம் என் பாதம் நனைந்தது.

"மூழ்கிப்போன ஊரோட கல்லுக்கட்டு தம்பி. தண்ணி கொறஞ்சா இப்படித்தான் இடிக்கும். பையைத் தூக்கி மடியில வெச்சுக்குங்க" என்றார் பெரியவர். குரலில் பதற்றமே இல்லை. பொத்தலின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, நீரிலிருந்து எழுந்திருந்த ஒரு மண்திட்டை நோக்கித் துடுப்பை இழுத்தார்.

திட்டில் இறங்கியதும் பரிசலைக் கவிழ்த்தார். இரண்டு சுள்ளிகளைக் கூட்டித் தீ மூட்டி, கூடவே வைத்திருந்த தகர டப்பாவில் உறைந்து கிடந்த தாரை உருக்கினார். முறிந்த மூங்கில் பிளாச்சுக்கு அடியில் புதிதாக ஒரு துண்டைச் செருகி, வலை பின்னும் நைலான் நூலால் கட்டினார். ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, உருகிய தாரைத் தடவி, பிளாஸ்டிக் சாக்கிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய துண்டை அதன் மேல் ஒட்டி, மறுபடியும் தார் பூசினார். கையில் ஒட்டாமலிருக்கப் புழுதியை அள்ளித் தூவினார். பிறகு காய்வதற்காகக் காத்திருந்தோம்.

அந்தக் காத்திருப்பில்தான் கேட்டேன், இந்தப் பரிசலை முதலில் செய்தது யார் என்று.

"எங்கப்பனுக்கு எங்க தாத்தா சொல்லிக்குடுத்தாரு. அவருக்கு அவங்கப்பன். அதுக்கு மேல ஆத்தைத்தான் கேக்கணும்" என்றார். வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஆற்றைக் கேட்கத் தெரியாததால் சொற்களைக் கேட்டேன். பழந்தமிழில் நீரைக் கடக்கும் பொருள்களுக்குப் பஞ்சமே கிடையாது. நாவாய், கலம், திமில், அம்பி, பஃறி, புணை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை உண்டு. சிலப்பதிகாரத்தில் வைகைத் துறையில் குதிரை முகமும் யானை முகமும் சிங்க முகமும் கொண்ட அம்பிகள் நிற்கின்றன. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அவற்றில் ஏறாமல் மரப்புணையில் அக்கரை சேர்கிறார்கள். பரிசலைப் பரிசில் என்றும் எழுதுவதுண்டு என்பதால் அந்த வடிவத்தையும் தேடினேன். சங்கப் பாடல்களில் பரிசில் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் அங்கே அது புலவர் பெறும் கொடை. பரிசில் தரத் தாமதித்த அதியமானைப் பற்றி ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அந்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. ஊர் பொருந்தி வந்ததில் சிறிது நேரம் மனம் துள்ளியது உண்மை. ஆனாலும் கொடைக்கும் கூடைப்படகுக்கும் முடிச்சுப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒலி ஒன்றாக இருப்பதாலேயே பொருளையும் ஒன்றாக்குவது சொல்லாராய்ச்சி ஆகாது.

உருப்படியான தடயம் மேற்குக் கரையில்தான் கிடைத்தது. ஒகேனக்கல்லில் ஆற்றின் அந்தப் பக்கம் கர்நாடகம். கன்னடத்தில் பரிசலுக்கு ஹரிகோலு என்று பெயர். தெலுங்கில் அரிகோலு என்பார்கள். புட்டி என்றும் சொல்வதுண்டு. தமிழின் சொல் முதல் பகரம் கன்னடத்தில் ஹகரமாக மாறுவது தெரிந்த செய்தி. பால் அங்கே ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் பரிசலின் 'பரி'யும் ஹரிகோலின் 'ஹரி'யும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாகத் தெரிகின்றன. இதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ஊரின் பெயரும் அதே கதையைச் சொல்வது கண்ணில் பட்டது. ஒகேனக்கல் என்பது ஹொகே என்ற கன்னடச் சொல்லும் கல்லும் சேர்ந்தது. ஹொகே என்றால் புகை. அருவி விழுந்து சிதறும் திவலை பாறைமேல் புகையாக எழுவதால் வந்த பெயர். நம் புகைதான் அங்கே ஹொகே ஆகி, மறுபடி நம் வாயில் ஒகே ஆகியிருக்கிறது. பகரம் ஹகரமாகி, ஹகரமும் உதிர்ந்த ஒரு பெயரை நாம் தினமும் உச்சரிக்கிறோம். இரண்டு மொழி பேசும் கரைகளுக்கு நடுவில் காலங்காலமாக ஆள் ஏற்றிய ஒரு படகுக்கும், அது மிதக்கும் ஊருக்கும் ஒரே தழும்பு. இந்தத் தேடலில் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது இதுதான்.

சொல் பழையது என்றால் பொருளும் பழையதாகத்தான் இருக்க வேண்டும். எழுத்தில் தெளிவான சாட்சி ஒன்று 1520ஆம் ஆண்டையொட்டிக் கிடைக்கிறது. போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ் விஜயநகரத்துக்கு வந்து, துங்கபத்திரையைக் கடந்து ஆனேகுந்திக்குப் போகும் துறையைப் பார்த்தார். கூடை போல வட்டமான படகுகள், உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், வேண்டுமானால் குதிரையும் மாடும்கூட ஏற்றலாம் என்று எழுதுகிறார். நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதையும் அவர் விடவில்லை. ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வது அதைத்தான். பயஸின் இன்னொரு குறிப்பு முக்கியமானது: இந்த ராஜ்யத்தில் ஆறுள்ள இடங்களில் எல்லாம் இவைதாம் படகு, வேறில்லை என்கிறார். தர்மபுரி வட்டாரம் அப்போது விஜயநகர ஆட்சிக்குள் இருந்தது.

முந்நூறு ஆண்டு கழித்து இதே படகைப் போருக்கும் கொண்டுபோனார்கள். 1803இல் மராத்தியர் மேல் படையெடுத்த ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்பாடு நெப்போலியனை வாட்டர்லூவில் வென்ற வெலிங்டன் பிரபு, மழைக்காலத்தில் ஆறுகளைக் கடக்க மூங்கிலும் தோலும் கொண்டு கூடைப்படகுகள் செய்யச் சொல்லிக் கடிதம் எழுதினார். 1799இல் திப்பு வீழ்ந்த பின் ஸ்ரீரங்கப்பட்டணம் அவர் பொறுப்பில் இருந்தது. அது காவிரி நடுவே உள்ள தீவு. பரிசலை அவர் எங்கே பார்த்துப் பழகியிருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை.

இதே தேடலில் எனக்கு முன்பே இறங்கிய ஒருவர் சென்னையில் இருந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஜேம்ஸ் ஹார்னெல், சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநர். மீன்துறை அதிகாரிக்குப் படகு அலுவல் மட்டும்தான். இவருக்கோ அது பைத்தியம். இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றி 1920இல் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். ஓய்வுக்குப் பின் பிரிட்டனின் கூடைப்படகுகளையும் டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளின் வட்டப் படகுகளையும் ஆராய்ந்தார். உலகின் நீர்ப் போக்குவரத்து முழுவதையும் பற்றிய பெரிய நூல் 1946இல் வந்தது. தென்னிந்தியப் பரிசலை உலகப் படகுக் குடும்பத்தில் ஓர் உறுப்பினராக உட்காரவைத்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

ஹார்னெலின் வழியில் போனால் ஈராக்கில் போய் நிற்க வேண்டும். அங்கே இதற்குக் குஃபா என்று பெயர். அசீரிய மன்னன் செனகெரிப்பின் நினிவே அரண்மனைச் சிற்பங்களில், ஏறக்குறைய 2,700 ஆண்டுகளுக்கு முன்பே, வட்டப் படகில் பாரம் ஏற்றித் துடுப்புப் போடுகிறார்கள். கிமு 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் பாபிலோன் பற்றி எழுதும்போது, நகரத்துக்கு அடுத்தபடி தன்னை வியக்கவைத்தது இந்தப் படகுகள்தாம் என்கிறார். ஆர்மீனிய மலைப்பகுதியில் கொம்புகளை வளைத்துச் சட்டம் கட்டி, தோல் போர்த்தி, சரக்கையும் ஒரு கழுதையையும் ஏற்றி நீரோட்டத்தோடு வருவார்கள். பாபிலோனில் சரக்கையும் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் போட்டுக்கொண்டு தரைவழியே திரும்புவார்கள். ஓட்டத்தை எதிர்த்து அந்தப் படகைக் கொண்டுபோக முடியாது.

இதைப் படித்தபோது ஒகேனக்கல் பாறைகள் நினைவுக்கு வந்தன. அங்கே ஓரிடத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டு, பரிசலைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு பாறைமேல் நடப்பார் ஓட்டி. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய ஆமை ஒன்று எழுந்து நடப்பது போலிருக்கும். இறங்குவது நீரில், ஏறுவது நிலத்தில். யூப்ரடீஸில் கழுதைக்கு இருந்த வேலை இங்கே மனிதத் தலைக்கு.

அப்படியானால் பரிசல் பாபிலோனிலிருந்து வந்ததா? வட்டப் படகு எங்கெல்லாம் உண்டு என்று பார்த்தால் அப்படிச் சொல்லத் தயக்கம் வருகிறது. வேல்ஸ் நாட்டின் டெய்வி ஆற்றில் ஒருவர் மட்டும் உட்காரும் கூடைப்படகு உண்டு. வியட்நாம் கடற்கரையில் மூங்கில் கூடைமேல் சாணமும் பிசினும் பூசி மீன் பிடிக்கப் போகிறார்கள். வட அமெரிக்காவில் மிசூரி ஆற்றங்கரை மாண்டன் மக்கள் காட்டெருமைத் தோலில் வட்டப் படகு செய்தார்கள். அவர்கள் பாபிலோனைக் கேள்விப்பட்டிருக்கவே முடியாது. வளையும் கொம்பும் ஒரு தோலும் கிடைத்து, எதிரே பாறை நிறைந்த ஆறு ஒன்று இருந்தால் எந்த ஊர்க் கையும் இந்த வடிவத்துக்கு வந்து சேரும் என்பதே என் எண்ணம். ஒரே அளவு சுற்றுவிளிம்பில் அதிக இடம் தருவது வட்டம், தோல் வீணாவதில்லை. முன்பக்கம் பின்பக்கம் இல்லாததால் பாறையில் மோதினாலும் சுழன்று விலகிவிடும். அடி தட்டையாக இருப்பதால் முழங்கால் நீரிலும் மிதக்கும்.  அடிக்கட்டை வைத்த மரப்படகு ஒகேனக்கல் பாறைகளுக்கு நடுவே ஒருநாள் தாங்காது.

தேடலின் கடைசித் துண்டு, எதிர்பாராமல், தாரிலேயே வந்து முடிந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கெல் 2014இல் ஒரு நூல் எழுதினார். அதில் அவர் விளக்கும், கிமு 1750ஐ ஒட்டிய களிமண் பலகை ஒன்றில், பெருவெள்ளத்துக்கு முன் ஒரு கடவுள் பேழை கட்டும் விதத்தைச் சொல்கிறார். அந்தப் பேழை வட்டம்! கயிற்றைச் சுருளாகச் சுற்றி, மேலே நிலக்கீல் பூசிய மாபெரும் பரிசல். விட்டம் சுமார் 70 மீட்டர். அந்தக் குறிப்புப்படி சிறிய அளவில் ஒன்றைக் கட்டிப் பார்க்க ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த இடம் கேரளம். கட்டி மிதக்கவிட்டார்கள், மிதந்தது, ஆனால் கசிந்தது. பூசிய கீல் பழைய ஈராக்கின் கீல் அளவுக்குத் தரமாக இல்லை. பம்பு வைத்துத் தண்ணீரை இறைக்க வேண்டியிருந்தது. பூச்சு சரியில்லையென்றால் கடவுள் சொன்ன கணக்கும் நனையும் என்று நாகமரைப் பெரியவர் கேட்டால் உடனே ஒத்துக்கொண்டிருப்பார்.

பூச்சும் போர்வையும்தான் இந்தப் படகில் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. காவிரியில் முன்பு எருமைத்தோல். அது ஊறினால் கனக்கும், காயவைக்காவிட்டால் அழுகும். இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும். வேல்ஸிலும் தோல் போய்த் துணியும் தாரும் வந்தன. மூங்கில் பின்னலோ ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. கைதேர்ந்த இருவர் சேர்ந்தால் ஒரே நாளில் ஒரு பரிசல் எழும்பிவிடும். ஏழடிக்குச் சற்று மேல் அகலம்.

பரிசலை இவ்வளவு புகழ்ந்த பின் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2015இல் ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தில் ஆறு பேர் இறந்தார்கள். உயிர்க்கவசம் அணியாமல் யாரும் ஏறக் கூடாது என்ற கண்டிப்பு தேவையானது, இன்னும் கூடுதலாகவே தேவை. ஆற்றின் மேலே பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்தின் கனஅடிக் கணக்கு கூடினால் பரிசல் துறைகள் மூடப்படும். அந்த நாட்களில் ஓட்டிகளுக்கு வருமானம் இல்லை. மழைக்காலம் முழுக்க எத்தனை நாள் துறை திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான ஆண்டு வரலாறு கொண்ட ஒரு தொழிலைச் செய்பவருக்கு அடுத்த வாரத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்பது எனக்கு உறுத்துகிறது.

அன்று மண்திட்டில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிட்டது. தார் இறுகியதா என்று பெரியவர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த பரிசலின் அடியில் வேறு ஒட்டுகளும் தெரிந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஒன்று போன ஆடியில் கட்டை குத்தியது. ஒன்று எலி கடித்தது. விளிம்போரம் இருந்த பெரியது, மகன் முதன்முதலாகத் தனியாக ஓட்டிப் போன நாளில் பாறையில் தேய்த்துக்கொண்டு வந்தது. அதை ஒட்டியதும் அவனேதான். கடைசியில், இன்னும் பளபளத்துக்கொண்டிருந்த புதிய ஒட்டைத் தட்டி, "இது நீங்க வந்த அன்னிக்கு" என்றார்.

பரிசலை நிமிர்த்தி நீரில் தள்ளினோம். நந்தியின் முதுகில் கொக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. பண்ணவாடி சேரும்வரை என் கண் அந்த ஒட்டிலேயே இருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை.