விசையின் எடை



நோர்வேயில் வளரும் நம் பிள்ளைகள் பனியில் சறுக்கி ஓடுவதைப் பார்த்து மகிழ்கிறோம். அதே பிள்ளை முதுகில் துப்பாக்கியைச் சுமந்து பயத்லான் பழகப் புறப்பட்டால் நெஞ்சு பதறுகிறது. நம்மில் பலர் துப்பாக்கிக்கு அஞ்சியே ஊரைவிட்டு வந்தவர்கள்.

கடந்த மாரிகாலத்தில் ஒரு தந்தை என்னிடம் வந்தார். (அவர்களுடைய அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன்.) கோடை விடுமுறையில் உழைத்துச் சேர்த்த பணத்தில், தன் பழைய துப்பாக்கிக்குப் புதிய விசை பூட்ட அவருடைய 19 வயது மகள் விரும்பினாள். "இன்னும் லேசாச் சுடுறதுக்கு ஒரு சாமானோ, சுவாமி?" என்றார். இருவரும் மூன்று வாரமாகப் பேசிக்கொள்ளவில்லை. என் வேண்டுகோளுக்கிணங்க மூவருமாகத் துப்பாக்கி திருத்துபவரிடம் சென்றோம்.

அவர் பொறுமையாக விளக்கினார். பயத்லான் துப்பாக்கியின் எடை குறைந்தது 3.5 கிலோ. அதில் ஒன்றரைக் கிலோ பலத்துடன் விசையை இழுத்தால், விரலின் முயற்சியே குழலை அசைத்துவிடும். இலக்கோ 50 மீட்டர் தொலைவில். படுத்துச் சுடுகையில் அதன் விட்டம் 45 மில்லிமீட்டர், நின்று சுடுகையில் 115 மில்லிமீட்டர். விரைவோட்டப் போட்டியில் தவறும் ஒவ்வொரு குண்டுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஓடவேண்டும். ஆகவே, விசையை இலகுவாக்குவது விரலின் கலக்கத்தைக் குறைப்பதற்கே.

ஆயினும் அதற்கும் எல்லையுண்டு. பயத்லானில் விசையின் எதிர்ப்பு 500 கிராமுக்குக் குறையக்கூடாது. அடிமுள்ளைத் தாங்கி நிற்கும் கொக்கியின் பிடிப்பை அளவுக்குமீறிக் குறைத்தால், ஒரு சிறு அதிர்விலேயே துப்பாக்கி வெடிக்கக்கூடும். எனவே வீட்டில் அரத்தால் தேய்ப்பதும் வில்லைச் சுருக்குவதும் ஆபத்தானவை. புதிய விசை இரு நிலைகள் கொண்டது: முதலில் சிறிது தளர்வாக நகர்ந்து, பின் ஒரு தடையில் நிற்கும். அவ்விடத்தில் சுடுபவர் மூச்சை அடக்கி இலக்கைச் சரிபார்க்கலாம். மனம் மாறினால் விரலை எடுத்துவிடலாம்.

வேலை முடிந்ததும், குண்டில்லாத துப்பாக்கியை நிமிர்த்தி, விசையில் 500 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டார். விசை விழவில்லை. தந்தை துப்பாக்கியைத் தொடவில்லை. எடைக்கல்லை மட்டும் கழற்றி, நெடுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். பின்னர் மகளிடம், "இந்தத் தடையில நிண்டிட்டுத் திரும்பி வரலாமோ?" என்று கேட்டார். "ஓம் அப்பா, கனதரம் அப்பிடித்தான் வாறனான்" என்றாள் அவள். மூன்று வாரங்களுக்குப் பின் அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுவே.

அவருடைய அச்சம் நீங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சுடுதளத்தருகே அவர் இன்னும் நிற்பதில்லை. ஓட்டப்பாதையின் மறுபுறம் சுடுதண்ணீர்ப் போத்தலுடன் காத்திருக்கிறார். மகளும் அதைப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

பெற்றோரே, பிள்ளை கேட்பதை மறுக்குமுன் அது என்னவென்று ஒருமுறை நேரிற் சென்று பாருங்கள். பிள்ளைகளே, உங்கள் பெற்றோர் எதைக் கண்டு வந்தவர்கள் என்று கேட்டறியுங்கள். விசை மாற்றுவதாயின் கிளப்பின் பயிற்சியாளரைக் கேட்டு, தகுதிபெற்ற திருத்துநரிடமே கொடுங்கள்.

செபத்தில் ஒன்றித்திருப்போம்.
உங்கள் பங்குத்தந்தை