தாத்தாவுக்குப் பதினெட்டு மார்க்

மக்களே, இன்னிக்கு மொக்கை கிடையாது, சினிமா கிடையாது, ஆபீஸ்ல புடுங்குற ஆணிகளைப் பத்தின புலம்பலும் கிடையாது. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த ஒரு விஷயம். ஜாலியா எதையாவது படிக்கலாம்னு வந்தவங்க அடுத்த பதிவுக்கு வாங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

போன வாரம் லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருந்தேன். பூம்பாறை வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணச் சொல்லி அப்பத்தா உத்தரவு. பழைய பூண்டுச் சாக்குகளுக்கு நடுவுல ஒரு மஞ்சப் பை. பிரிச்சா, பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்துப்போன ஒரு ஆக்சிமீட்டர். கூடவே தாத்தாவோட ஆஸ்பத்திரி பேப்பர் அத்தனையும்.

கொசுவத்தி சுத்தி 2021 மே மாசத்துக்குப் போயிடலாம்.

ஏப்ரல் 20-லயே சுற்றுலாப் பயணிகள் மலைக்கு வரக்கூடாதுன்னுட்டாங்க. மே 10-லேருந்து ஊரடங்கு. ஏரியைச் சுத்தி சைக்கிள் விடுற ஆளில்ல, சோளம் சுடுற வண்டியில்ல. மே 21 அன்னிக்கு ஒரே நாள்ல தமிழ்நாட்டுல 36,184 பேருக்குத் தொற்று. நான் சென்னை ரூமைக் காலி பண்ணிட்டு, நாயுடுபுரத்துல எங்க வீட்டுல உக்காந்து பொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன். சனி, ஞாயிறு ஆனா பூம்பாறைக்குப் போயிடுவேன்.

தாத்தாவுக்கு அப்ப 82 வயசு. சர்க்கரை இருந்தது. முப்பது வருஷம் பீடி பிடிச்சதுல நுரையீரலும் கெட்டு, இன்ஹேலர் வெச்சிருந்தார். ஆனா ஆள் தளரல. காலைல தடி ஊணிக்கிட்டு மேல் தட்டு பூண்டுக் காட்டுக்கு ஏறிடுவார். 60 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு மார்ச் 1-லேருந்தே தடுப்பூசி போட ஆரம்பிச்சிருந்தாங்க. அப்பத்தா போட்டுக்கிட்டாங்க. தாத்தா, "காட்டு வேலை முடியட்டும்"னார். அப்புறம் ஏப்ரல் 15-ல ஊசி போட்டுக்கிட்ட நடிகர் விவேக் 17-ஆம் தேதி இறந்துட்டார். அதுக்கப்புறம் தாத்தா அந்தப் பேச்சையே எடுக்க விடல. (ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு தேசியக் குழு சொன்னது அந்த வருஷம் அக்டோபர்ல. தமிழ்நாட்டுப் போலீஸ்காரங்க ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் பேரை வெச்சுப் பார்த்ததுல, ஒரு டோஸ் சாவை 82 சதவீதமும் ரெண்டு டோஸ் 95 சதவீதமும் தடுத்துச்சுன்னு ஐசிஎம்ஆர் ஆய்வு வந்தது ஜூன்ல. ரெண்டுமே எங்களுக்கு லேட்டு.)

மே 23, ஞாயித்துக்கிழமை. தாத்தா சரியா சாப்பிடல. காய்ச்சல் இல்ல, லேசா இருமல். சித்தப்பா ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, 91 காட்டுது. 94-க்குக் கீழ போனா ஆஸ்பத்திரின்னு டிவில சொல்றானே. நீ படிச்சவன், பாத்துச் சொல்லு."

நான் படிச்சது இன்ஜினியரிங். இருந்தாலும் கூகிளாண்டவரைக் கேட்டுட்டு மாடியிலேருந்து இறங்கி வந்து, ஒரு லெக்சரே குடுத்தேன். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், பூம்பாறை அதுக்குக் கொஞ்சம் கீழே. இங்கயும் காத்துல 21 சதவீதம் ஆக்சிஜன்தான், ஆனா காத்தோட அழுத்தம் கடலோரத்துல இருக்கறதுல நாலுல மூணு பங்கு சொச்சம்தான். அதனால நல்லா இருக்கறவனுக்கே ரெண்டு மூணு புள்ளி குறைவாத்தான் காட்டும். "டிவில சொல்றது மெட்ராஸ் கணக்கு சித்தப்பா. மலைல அப்படித்தான் காட்டும்."

சொன்னது பொய்யில்ல. அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

அன்னிக்கும் முந்தின நாளும்தான் கடை திறக்க, பஸ் ஓட விட்டிருந்தாங்க. மறுநாள் 24-லேருந்து தளர்வில்லாத ஊரடங்கு. போறதா இருந்தா அன்னிக்குப் போயிருக்கணும். 104-க்கு ஒரு போனாவது போட்டிருக்கலாம். போடல.

திங்கட்கிழமை சாயங்காலம் தாத்தா என்னை வேற பேரு சொல்லிக் கூப்பிட்டார். எங்க பெரியப்பா பேரு. அவர் செத்து இருபது வருஷம் ஆச்சு. "பூண்டைக் காயப் போட்டியாடா"ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சோம். வயசாச்சுல்லன்னு அப்பத்தா சொன்னாங்க. நானும் சிரிச்சேன்.

பின்னாடி படிச்சேன். அமெரிக்காவுல ஏழு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுகளுக்குக் கொரோனாவோட வந்த 817 முதியவங்களைப் பார்த்திருக்காங்க. அதுல 28 சதவீதம் பேர் குழம்பின நிலையிலதான் வந்து சேர்ந்திருக்காங்க. அப்படிக் குழம்பினவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மேல காய்ச்சல், மூச்சுத்திணறல் மாதிரி வழக்கமான அறிகுறியே இல்ல. வயசானவங்க உடம்பு சில சமயம் இருமிக் காட்டாது, ஆளை மாத்தித்தான் காட்டும்போல.

செவ்வாய் காலைல 86. அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. ஆக்சிமீட்டரைக் கழட்டி என் விரல்ல மாட்டினேன். 95. அப்பத்தா விரல்ல மாட்டினேன். 94. ஒரே வீடு, ஒரே மலை, ஒரே கருவி. கோட்ல ஏதாவது மாத்தினா, நல்லா ஓடுற மெஷின்ல ஒரு தடவை ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்கறது எங்க தொழில்ல பாலபாடம். ஞாயித்துக்கிழமை அதைச் செய்ய பத்து செகண்டுகூட ஆயிருக்காது.

கொடைக்கானல்ல டாக்டர் பார்த்துட்டு ஆக்சிஜன் வெச்சுக் கீழ அனுப்பிட்டார். 108-ல நானும் ஏறிக்கிட்டேன். பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறைன்னு வளைவு வளைவா இறங்கினோம். வத்தலக்குண்டு வந்தப்ப என் விரல்ல 98. தாத்தாவுக்கு, ஆக்சிஜன் ஓடிக்கிட்டு இருக்கும்போதே, 90. மதுரைல ஒரு ஆஸ்பத்திரில சேர்த்தோம். ஆக்சிஜன் தேவைப்படுறவங்களுக்கு டெக்சாமெத்தசோன் குடுத்தா சாவு குறையுதுன்னு 2020 ஜூன்லயே ஆக்ஸ்போர்டு ஆளுங்க கண்டுபிடிச்சிருந்தாங்க. அதைப் போட்டாங்க. சர்க்கரை ஏறிச்சு, இன்சுலின் போட்டாங்க. அங்க யாரையும் குத்தம் சொல்ல எனக்கு ஒண்ணுமில்ல. ஜூன் 2, ஒன்பதாவது நாள், தாத்தா போயிட்டார். மலைக்குக் கொண்டு வர முடியல. தத்தனேரில முடிஞ்சது.

துக்கம் விசாரிச்சவங்க எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தை. வயசாயிடுச்சு. என்னை யாரும் ஒண்ணும் சொல்லல. சித்தப்பாகூட.

இப்ப அந்த மஞ்சப் பைக்கு வருவோம்.

ஆஸ்பத்திரில சேர்ற கொரோனா நோயாளி பிழைப்பாரா மாட்டாரான்னு கணிக்க பிரிட்டன்ல ஒரு மார்க் ஷீட் போட்டாங்க. பேரு 4சி மார்ட்டாலிட்டி ஸ்கோர். 260 ஆஸ்பத்திரி, முப்பத்தஞ்சாயிரம் சொச்சம் நோயாளிகளை வெச்சு உருவாக்கி, வேற இருபத்திரண்டாயிரம் சொச்சம் பேர் மேல சோதிச்சு, 2020 செப்டம்பர்ல பிஎம்ஜே பத்திரிகைல வெளியிட்டாங்க. மொத்தம் 21 மார்க். எட்டே எட்டு விஷயம்தான்: வயசு, ஆணா பெண்ணா, கூட இருக்கற வியாதிகள், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, நினைவுத் தெளிவு, ரத்தத்துல யூரியா, சிஆர்பி. இந்தப் பரீட்சைல மார்க் கூடக்கூட ஆபத்து.

பரண்லேருந்து இறங்கினதும் உக்காந்து போட்டுப் பார்த்தேன். முதல் தடவை 20 வந்துச்சு. பக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம் பார்த்தா நம்ம வழக்கமான பக். நம்ம லேப்ல யூரியா மில்லிகிராம் கணக்கு, அவங்களுக்கு மில்லிமோல். ஆறால வகுக்கணும். 68-ஐ வகுத்தா 11 சொச்சம், மூணு மார்க் இல்ல, ஒண்ணுதான்.

வயசு 80-க்கு மேல, 7. ஆண், 1. சர்க்கரையும் நுரையீரலும், 2. மூச்சு நிமிஷத்துக்கு 28, ஒண்ணு. ஆக்சிஜன் 92-க்குக் கீழ, 2. குழப்பம், 2. யூரியா 1. சிஆர்பி 112, அதுக்கு 2. ஆக 18.

15-க்கு மேல எடுத்தவங்கள்ல 61.5 சதவீதம் பேர் இறந்திருக்காங்க.

இதோட நிறுத்தியிருந்தா தூங்கியிருப்பேன். ஆனா பொட்டி தட்டுறவன் புத்தி, ஞாயித்துக்கிழமைக்கும் போட்டுப் பார்க்கச் சொல்லிச்சு. அன்னிக்கு ரத்தப் பரிசோதனை இல்ல. மூச்சை யாரும் எண்ணல (அதுக்குக் கருவியே வேணாம், நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினாப் போதும்). எல்லாத்துக்கும் பூஜ்யம்னே வெச்சுக்குவோம். 91-ஐயும் என் லெக்சர்படியே மலைக் கணக்குல தள்ளிடுவோம், அதுக்கும் பூஜ்யம். அப்பவும் 10.

ஆக்சிமீட்டரை விரல்ல மாட்டறதுக்கு முன்னாடியே தாத்தா 10 வாங்கியிருந்தார். 9-லேருந்து 14 வரைக்கும் "அதிக ஆபத்து" வரிசை. அதுல இறந்தது 31.4 சதவீதம். 91 மலையாலயா நோயாலயான்னு நான் ஆராய்ச்சி பண்ணினதே வேண்டாத வேலை. எண்பத்திரண்டு வயசு, சர்க்கரை, இன்ஹேலர். இது போதும், வண்டியை எடுத்திருக்க. நாங்க வயசைச் சமாதானத்துக்கு வெச்சிருந்தோம். அதை அவசரத்துக்கு வெச்சிருக்கணும்.

61.5-லேருந்து 31.4-ஐக் கழிச்சு, மிச்சம் என் கணக்குல எழுதிக்கணும்னு ஒரு ராத்திரி முழுக்க நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்படிக் கழிக்கக் கூடாதுன்னும் தெரியும். இது ஆஸ்பத்திரில சேர்ற நேரத்துக்குப் போட்ட கணக்கு, வீட்டுத் திண்ணைக்கு இல்ல. ரெண்டு நாள் முன்னாடி சேர்த்திருந்தாலும் அவர் அந்த 18-க்கு ஆஸ்பத்திரில இருந்தபடியே ஏறியிருக்கலாம். ஆனா பதினோரு ஆஸ்பத்திரில 1,564 பேரை வெச்சுப் பண்ணின இன்னொரு ஆய்வு, யாருக்கு என்ன ஆகும்ங்கறதை வயசையும் வியாதியையும்விட உடம்புத் தளர்ச்சிதான் நல்லாக் கணிக்குதுன்னு சொல்லுது. தடி ஊணி மேல் தட்டுக்கு ஏறின மனுஷன். இங்க வந்து நின்னா மனசு திரும்பவும் கழிக்க ஆரம்பிச்சுடுது.

சித்தப்பாகிட்ட ஞாயித்துக்கிழமைக் கணக்கைச் சொல்லலாமான்னு நெனச்சேன். கிளம்பற அன்னிக்குக் காலைல பூண்டுக் கட்டை வண்டியில ஏத்திக்கிட்டு இருந்தார். பக்கத்துல போய் நின்னேன். "என்னப்பா, பஸ்ஸுக்கு நேரமாகலையா"ன்னார். இந்தா கிளம்பிட்டேன் சித்தப்பான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. அந்த மார்க் ஷீட் தடுப்பூசி வர்றதுக்கு முன்னாடி, வேற நாட்டு நோயாளிகளை வெச்சுப் போட்டது. இதை வெச்சுக்கிட்டு உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு மார்க் போடாதீங்க, போனைப் போடுங்க. அப்பத்தா விரலுக்குப் புது ஆக்சிமீட்டர் வாங்கிக் குடுத்துட்டு வந்திருக்கேன். நல்லா இருக்கும்போது அவங்களுக்கு 94.