பூட்டிய கதவுகளின் ஊர்கள்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகத் தெற்கே செல்லும் சாலை, செம்மண்ணும் முட்புதரும் பனையுமாக நீள்கிறது. பேராறு எதுவும் பாயாத நிலம் அது. அந்த வறண்ட வெளியின் நடுவே, கானாடுகாத்தானில், இரண்டு மாடி மாளிகைகள் நேரான தெருக்களில் வரிசையாக எழுந்து நிற்கின்றன. முதன்முறை வரும் பயணிக்கு வியப்பைக் காட்டிலும் ஐயமே மிகுதியாகத் தோன்றும். மழையை நம்பி வாழும் மண்ணில் இத்தனை செல்வம் எங்கிருந்து வந்தது?

செல்வம் கடல் கடந்து வந்தது. நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வட்டித்தொழில் நடத்தினர். அங்கே ஈட்டியதைப் பிறந்த ஊரில் வீடாகக் கட்டினர். தூண்களுக்குப் பர்மாத் தேக்கும், தரைக்கு இத்தாலியப் பளிங்கும் கப்பலில் வந்து இறங்கின. சுவருக்கு மட்டும் உள்ளூர்க் கைவண்ணமே போதுமானதாக இருந்தது. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கடுக்காயும் கலந்து பல அடுக்குகளாகப் பூசித் தேய்த்த சுவர்கள், இன்றும் தொட்டால் வழுக்குகின்றன.

வார இறுதியில் வருவோர் பெரும்பாலும் காரைக்குடியின் ஆயிரம் சன்னல் வீட்டின் முன் படம் எடுத்துக்கொண்டு, இலை போட்ட சாப்பாட்டை முடித்துத் திரும்பிவிடுகின்றனர். சாப்பாட்டைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் உணவகப் பலகைகளில் 'செட்டிநாடு' என்னும் பெயரைப் படித்து, காரம் ஒன்றே அந்த வட்டாரத்தின் சுவை என்று நம்பி வருபவர்கள், கந்தரப்பத்தையும் கவுனி அரிசி இனிப்பையும் உண்டபின் எண்ணத்தை மாற்றிக்கொள்வர்.

வீட்டை அறிய வேண்டுமானால் வாயிலில் நின்று பயனில்லை. முகப்பைக் கடந்தால் வளவு. வானம் திறந்த முற்றம். அதைச் சுற்றிலும் தாழ்வாரமும் அறைகளும். மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை உண்டு. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாலும் மணமக்களுக்குத் தனியே அடுப்பு வைத்துக் கொடுப்பதை 'வேறு வைத்தல்' என்பர். கூட்டுக் குடும்பத்தின் பெருமையைப் பேசுவோர் பலர். அதற்குள் தனி அடுப்பின் தேவையை உணர்ந்து வழிசெய்தவர்கள் இவர்கள். முற்றத்துக்குப் பின்னே இரண்டாங்கட்டு, அடுக்களை எனத் தொடர்ந்து, முன்தெருவில் தொடங்கிய வீடு பின்தெருவில் முடிகிறது.

கூரைகள் எல்லாம் முற்றத்தை நோக்கிச் சரிகின்றன. மழைநீரை அண்டாக்களில் பிடித்தது போக, மீதி வடிகால் வழியே தெருவுக்கும் அங்கிருந்து ஊருணிக்கும் சென்றது. ஊருக்கு உதவுபவனின் செல்வத்துக்கு வள்ளுவர் ஊருணியை உவமை சொன்னதன் பொருத்தம், ஆறில்லாத இந்த ஊர்களில்தான் முழுமையாக விளங்கும்.

ஆத்தங்குடியில் தரைக்கற்கள் செய்யும் பட்டறைகள் இன்னும் இயங்குகின்றன. கண்ணாடிப் பலகையின்மேல் உலோகச் சட்டத்தை வைத்து, சிமெண்டில் குழைத்த வண்ணங்களை அதன் கட்டங்களில் கைத்திறத்தால் ஊற்றுகிறார் தொழிலாளி. சட்டத்தை எடுத்தபின் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலவாமல் நிற்பது பார்ப்பவருக்கு வித்தை போலிருக்கும். அதன்மேல் உலர்ந்த மணற்கலவையைத் தூவி, ஈரக் கலவையால் மூடிச் சமன்செய்கிறார். பின்னர் நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துகின்றனர், சூளையில் சுடுவதில்லை. கல்லுக்கு மெருகைத் தருவது கண்ணாடிதான். அதன்பின் மெருகை வளர்ப்பவை மனிதர்களின் பாதங்கள். நடமாட்டமற்ற வீட்டில் இந்தக் கற்கள் மங்கிவிடுகின்றன.

நடமாட்டம் குறைந்ததற்கு வரலாறு காரணம். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன்பட்ட பர்மிய உழவர்களின் நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது பலர் உடைமைகளை விட்டு ஓடிவர நேர்ந்தது. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கியது. அந்த உழவர்களின் பக்கம் நின்று பார்த்தால் அச்சட்டத்தில் நியாயம் இருந்தது என்பதையும் மறுக்க இயலாது. வருவாய் நின்றது, மாளிகைகள் மட்டும் எஞ்சின. அடுத்த தலைமுறை சென்னைக்கும் அயல்நாடுகளுக்கும் பெயர்ந்தது.

இன்று ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் பழுதுபார்க்க விரும்பினாலும் மற்றவர்கள் இசைய வேண்டும். இசைவு வருவதற்குள் ஓர் ஓடு உடைந்து, மழைநீர் இறங்கி, உத்தரம் உளுத்துவிடுகிறது. பின்னர் வீடு பிரிக்கப்படுகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கதவுநிலைகளும் தூண்களும் பீங்கான் பாத்திரங்களும் கண்ணாடிச் சட்டமிட்ட படங்களும் விலைக்குக் குவிந்து கிடக்கின்றன. அங்கே பேரம் பேசும் பயணியும் அந்த வீட்டின் அழிவில் ஒரு சிறு பங்கு பெறுகிறார்.

ஊரைவிட்டுப் போன எல்லாமே சிதைந்துவிட்டன என்று சொல்வதற்கில்லை. அருகிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் தமிழ் நூல்களையும் இதழ்களையும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அதைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. நூல்கள் ஊர் மாறினாலும் ஒன்றாக இருந்தன. தூண்களோ தனித்தனியே விற்கப்பட்டு, எங்கெங்கோ உள்ள விடுதிகளின் வரவேற்பறைகளில் நிற்கின்றன.

செட்டிநாட்டு ஊர்கள் சில 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. அந்தப் பட்டியல் கூரையைத் தாங்காது. சில வீடுகள் தங்கும் விடுதிகளாகியுள்ளன. முன்னோர் படையலிட்ட வளவில் அயலார் காலைச் சிற்றுண்டி உண்பதா என்று வருந்தும் முதியோர் உண்டு. வேறு சில வீடுகளைக் காவலாளியிடம் சிறு கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். அவர் பெருஞ்சாவியால் கதவைத் திறந்து, முதலில் சன்னல்களைத் தள்ளிவிட்டு, வந்தவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்கிறார். கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் மட்டும் வரும் உரிமையாளர்களைப் பற்றி ஒன்றிரண்டு சொற்கள் பேசுகிறார். திரளும் பணத்தில் ஐப்பசி மழைக்கு முன்னர்ச் சில ஓடுகளை மாற்ற முடிகிறது.