கோக்கா கணக்கு

துப்பாக்கி சுடும் இடத்தில் சுடுவதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. மீதிப் பொழுதெல்லாம் சுடாமல் இருப்பதற்கே செலவாகும். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இது தெரியும். விடியுமுன் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வெயில் உச்சிக்கு வரும்வரை வரிசையில் உட்கார வைப்பார்கள். முறை வந்ததும் தரை விரிப்பில் குப்புறப் படுத்து, பாயின்ட் டூ டூ ரைபிளில் ஐந்து தோட்டா. எதிரே 25 மீட்டரில் அட்டை. மூச்சைப் பிடித்து விடுவதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும்.

கட்டளைகள் இந்தியில். 'பர்' என்றால் தோட்டாவைப் போடு, 'காலி கர்' என்றால் எடு. திருவையாறு, பாபநாசம் பக்கத்துப் பையன்களுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் அந்த இடத்தில் யாரும் எதையும் மாற்றிப் புரிந்துகொண்டு நான் பார்த்ததில்லை. வகுப்பில் தமிழில் சொன்னதே மண்டையில் ஏறாத ஆட்கள்கூட அங்கே பொட்டுப் பிசகாமல் நடப்பார்கள்.

சுட்டு முடித்ததும் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு அசையாமல் கிடக்க வேண்டும். பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் ஒவ்வொரு ரைபிளாகக் குனிந்து பார்ப்பார். கடைசி ரைபிளும் காலி என்று அவர் சொன்ன பிறகுதான் எழுந்து அட்டையைப் பார்க்க ஓடலாம். அப்புறம் கோக்கா கணக்கு. வெடித்து விழுந்த வெற்றுக் கூட்டுக்குப் பட்டாளத்தில் கோக்கா என்று பெயர். எத்தனை தோட்டா கொடுத்தார்களோ அத்தனை கோக்கா திரும்பி வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் எல்லாரும் புல்லில் தவழ்ந்து தேட வேண்டும். என்னிடம் தோட்டாவோ கோக்காவோ இல்லை என்று ஒவ்வொருவரும் விறைப்பாக நின்று சொல்லிவிட்டுத்தான் லாரியில் ஏற முடியும்.

பித்தளைக்கு இவ்வளவு கணக்கு. அதிலிருந்து கிளம்பிப் போன ஈயத்துக்குக் கணக்கு கிடையாது. மண்மேட்டில் புதைந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். இத்தனைக்கும் அந்தச் சின்னத் தோட்டா ஒரு மைலுக்கு மேல் போய் ஆளை அடிக்கும் என்று பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிடுவார்கள்.

சர்வதேசப் போட்டிகளிலும் இதே ஒழுங்குதான், இன்னும் கறாராக. ஏர் ரைபிளில் குழல் முழுக்க நீளும் ஒரு பளிச்சென்ற நிற இழையைச் செருகி வைக்க வேண்டும். உள்ளே எதுவும் இல்லை என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024ல் பாரீஸ் ஒலிம்பிக்கில், பறக்கும் தட்டைச் சுடும் டிராப் பிரிவில் கலந்துகொண்டார். அந்த விளையாட்டில் ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நகரும்போது துப்பாக்கியை மடித்துத் திறந்த வாக்கில்தான் கொண்டுபோக வேண்டும். தன் முறை வராமல் தோட்டா போடக்கூடாது. அதில் பறப்பது சிறு ரவைகள். சுமார் 200 மீட்டருக்குள் வேகம் செத்து விழுந்துவிடும். அந்தத் தூரத்தை வேலி போட்டு ஒரு ஆள் கண்ணாலேயே காவல் காத்துவிடலாம். ரைபிள் குண்டு அப்படியல்ல. போலீசும் ராணுவமும் வைத்திருக்கும் ரைபிள்களின் குண்டு தடையில்லாமல் பறந்தால் கிலோமீட்டர் கணக்கில் போகும். சுடுகிறவனின் கண் எட்டுகிற எல்லைக்குள் அதன் பயணம் முடிவதில்லை.

காவிரிப் பாசனப் பகுதியில் இந்தப் பெரிய ரைபிள்களுக்கு ரேஞ்ச் வைக்க இடமே இல்லை என்பது ஒரு ஆறுதல். கண்ணுக்கு எட்டியவரை வயல். வரப்பு முழங்காலுக்கு வராது. இருப்பதில் உயரம் ஆற்றங்கரைதான், அதன் மேலும் சாலை போகிறது. முதுகுக்கு ஒரு மலை இல்லாமல் அப்படி ஒரு ரேஞ்சைத் திறந்தவெளியில் அமைப்பது கடினம். மலை வேண்டுமென்றால் தெற்கே புதுக்கோட்டைப் பாறைகளுக்குப் போக வேண்டும்.

என்.சி.சி. ரேஞ்சில் ஒரு முறை எனக்குச் சுடும் வரிசையில் இடம் இல்லை. செங்கொடியும் விசிலும் கொடுத்து, மண்மேட்டுக்குப் பக்கவாட்டில் போகும் ஒற்றையடிப் பாதையில் காவலுக்கு நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"எப்ப தம்பி முடிப்பீங்க?"

"இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்மா."

"அதுவரைக்கும் இதுங்க சும்மா நிக்குமா? நேத்தும் இப்படித்தான் மறிச்சீங்க. இது நாங்க எப்பவும் போற வழிதான?"

அவர் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. கொடியை ஆட்டி விசில் ஊதினேன். அந்தக் கோடியில் 'காலி கர்' கேட்டது. பத்துப் பேரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் படுத்துக் கிடக்க, ஆடுகள் கடந்தன. ஒரு குட்டி மட்டும் மேட்டடியில் பசும்புல்லைக் கண்டு நின்றுவிட்டது. அதை இழுத்துக்கொண்டு போகும்வரை உஸ்தாத் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே நின்றபோது புரிந்தது, ரேஞ்சில் யாரும் குறுக்கே இல்லை என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பது. தஞ்சாவூர் ஸ்டேஷன் மாஸ்டர் தன் பிளாட்பாரம் காலியாக இருப்பதை வைத்து ரயிலை விட்டுவிடமாட்டார். அடுத்த ஸ்டேஷன்காரர் லைன் கிளியர் கொடுக்க வேண்டும். இங்கேயும் அந்தக் கோடியிலிருந்துதான் பதில் வர வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையில் அப்படி ஒரு பதில் வர வழியிருந்ததா என்பதுதான் என் கேள்வி. 2021 டிசம்பர் 30 காலை, அங்கே பசுமலைப்பட்டி துப்பாக்கிச் சுடும் தளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். பல மணி நேரம் அறுவை சிகிச்சை செய்து குண்டை எடுத்தார்கள். 2022 ஜனவரி 3 அன்று பையன் இறந்துபோனான். முதலமைச்சர் 10 லட்சம் ரூபாய் அறிவித்தார். தளத்தில் பயிற்சி நின்றது. அந்த ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடைப் பேச்சு அந்த வாரம் முழுக்க அதுவாகத்தான் இருந்தது. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை என்பதை யாராலும் தாண்டிப் போக முடியவில்லை.

அன்று தளத்துக்குள் செய்ய வேண்டியதெல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கலாம். கொடி பறந்திருக்கலாம், கோக்காகூடச் சரியாக இருந்திருக்கலாம். அதனால் அந்தத் தாத்தா வீட்டுக்கு ஒரு பயனும் இல்லை. குழல் முனை ஒரே ஒரு டிகிரி மேலே தூக்கினால் 100 மீட்டரில் குண்டு ஓர் ஆள் உயரம் ஏறிவிடுகிறது. பழகுகிறவன் கை தூக்கத்தான் செய்யும், அதற்குத்தானே பயிற்சி. 1860ல் விம்பிள்டன் துப்பாக்கிச் சுடும் போட்டியைத் தொடங்கிவைத்த விக்டோரியா மகாராணிக்கு ரைபிளை இரும்புத் தாங்கியில் இறுக்கி, முன்பே குறிபார்த்து வைத்து, கயிற்றை மட்டும் கையில் கொடுத்தார்கள். 400 கஜத்தில் குண்டு நடுப்புள்ளியில் பட்டது. மகாராணி அல்லாதவர்கள் கையால் பிடித்துத்தான் சுட வேண்டும். பின்னால் மலை இருக்கிறதே என்று தைரியம் சொல்வார்கள். மண் குண்டை விழுங்கும்; பாறை திருப்பி எறியும், எந்தப் பக்கம் என்று சொல்லாமல். அதனால்தான் நல்ல ரேஞ்சில் தடுப்பு மேட்டின் மண்ணைச் சலித்துக் கல் பொறுக்குவார்கள்.

ஊருக்குச் சொல்லிவிட்டோம் என்பது அதிகாரிகளின் வழக்கமான பதில். ராணுவத்தின் வெளிக்களப் பயிற்சிக்கு 1938லேயே தனிச் சட்டம் வந்தது. எந்தப் பகுதி, எந்தக் காலம் என்று முன்கூட்டி அறிவிக்க வேண்டும், சேதத்துக்கு ஈடு தர வேண்டும் என்கிறது அது. முன்பெல்லாம் தண்டோரா போடுவார்கள். பறையடித்துச் சொல்லும் அந்த வழக்கத்தைத் தமிழக அரசு 2022ல் நிறுத்தச் சொன்னது, சரியான காரியம். இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி. எதுவானாலும் பேச்சு ஒரு திசையில்தான் போகிறது. ஊர் திரும்பிப் பேச வேண்டுமென்றால் ஜார்க்கண்டின் நேத்தர்ஹாட் மலை ஜனங்களைப் போல முப்பது வருஷம் போராட வேண்டியிருக்கிறது. அங்கே பீரங்கிப் பயிற்சிக்கான அனுமதியை இனி நீட்டிப்பதில்லை என்று 2022ல்தான் மாநில அரசு முடிவெடுத்தது.

எங்கே ரேஞ்ச் வைத்தாலும் எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் தோன்றுகிறது. குண்டு போகும் திசையில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவருக்கு நாள் கூலி கொடுத்து, கையில் ஒரு போனும் கொடுத்து, அந்தப் பக்கம் உட்கார வைக்க வேண்டும். அவர் சரி என்று சொல்லாமல் முதல் தோட்டாவைப் போடக் கூடாது. இப்போது வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். நடவுக்கு ஆள் வந்திருக்கலாம், பள்ளிக்கூடம் விட்டிருக்கலாம், யாரோ செத்து சாவு எடுத்துக்கொண்டு போகலாம். ஒன்றுமே இல்லாமல் அவருக்கு அன்றைக்கு மனசு சரியில்லை என்றாலும் நிறுத்தத்தான் வேண்டும்.