உந்தத் தண்ணியை எங்க ஊத்துறது?

தாங்கி நிரம்பினதும் மோட்டர் தானாய் நிக்க வேணும். அதுக்கு ஒரு சின்ன சேர்க்கிட் செய்வம் எண்டு நாங்கள் மூண்டு பேரும் தொடங்கினது, தண்ணி வழிஞ்சு வீணாய்ப் போறதைப் பார்த்துத்தான். போர்ட்டை ஓடர் பண்ணக் கையில் காசில்லை. அதால வீட்டிலேயே செய்தோம்.

டிசைனைக் கண்ணாடியில் தெரியிற மாதிரித் திருப்பி, லேசர் பிரிண்டரில் மினுங்கல் தாளில் எடுக்க வேணும். அதைச் செப்புத் தகட்டில் கவிட்டு அயன் பண்ணினால் கறுப்பு மை செப்பில் ஒட்டும். தண்ணியில் ஊறவிட்டுத் தாளை உரஞ்சி எடுத்து, தகட்டைப் பெரிக் குளோரைட் கரைசலில் போட்டு ஆட்டினால், மை மூடாத செப்பு கரைஞ்சு போகும். மூடின இடம் பாதையாய் மிஞ்சும்.

முதல் ரெண்டும் பாழ். ஒண்டில் சூடு காணாமல் பாதை அறுந்தது. மற்றதில் டிசைனைத் திருப்ப மறந்துபோனோம். மூண்டாவது சரிவந்தது. 0.8 மி.மீ டிரில் ஊசி ரெண்டு முறிஞ்சாலும், ரிலே 'டிக்' எண்டு விழுந்த சத்தத்தில் எல்லாம் மறந்துபோச்சு.

அப்பதான் அம்மம்மா கேட்டா: "உந்தக் கறுத்தத் தண்ணியை எங்க ஊத்தப் போறியள்?"

வளவுக்குள்ள எண்டு சொல்ல வாயெடுத்தோம். கிணறு 15 அடி தள்ளிக் கிடக்கு. யாழ்ப்பாணத்தில் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே ஊத்துறது வெடிப்புகளுக்குள்ளால கீழே இறங்கும். வற்றாத ஆறு ஒண்டும் இல்லாத குடாநாட்டில் குடிக்கிறதும் அந்தத் தண்ணியைத்தான். சலவைச் சோடா போட்டால் கரைஞ்ச செப்பு மண்டியாய் அடியில் படியும். ஆனால் மண்டியை எங்க போடுறது? ஒரு போத்தலுக்குள் ஊத்தி இறுக்கி மூடினோம்.

அடுத்த போர்ட்டைக் காசு சேர்த்துச் சீனாவுக்கு ஓடர் பண்ணினோம். 5 போர்ட்டுக்குக் குறைய அடிக்க மாட்டினம். போர்ட்டின் விலையை விட அனுப்புற கூலி கூட. 3 கிழமையால வந்தது: பச்சைப் பூச்சு, ரெண்டு பக்கமும் பாதை, துளைக்குள்ளேயும் செப்பு. 230 வோல்ற்று ஓடுற இடத்தில் வெறும் செப்பு வெளியே தெரியாதது பெரிய நிம்மதி.

ஆனால் ரிலேயின் கால் இடைவெளியை நாங்கள் பிழையாய்க் கீறியிருந்தோம். அஞ்சிலும் அதே பிழை. வீட்டில் செய்திருந்தால் அண்டைக்குப் பின்னேரமே பிடிபட்டிருக்கும்.

இப்ப ஓடர் பண்ண முதல், டிசைனை அதே அளவில் வெள்ளைத் தாளில் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு பாகத்தையும் மேல வைச்சுப் பார்க்கிறோம். ஒரு தாள்ச் செலவுதான்.

சீனாவிலும் யாரோ அந்தச் செப்பைக் கரைக்கினம். அது எங்களுக்குத் தெரியும். அங்கே கழிவைச் சுத்திகரிக்க வழி இருக்கும் எண்டு நம்புறம். எங்கட வளவில் இல்லை எண்டது மட்டும் நிச்சயம்.

அந்தப் போத்தல் இன்னும் கொட்டிலில் கிடக்கு. மேல 'நஞ்சு' எண்டு எழி ஒட்டியிருக்கிறோம் எண்டு அம்மம்மாவுக்கும் காட்டினோம். அதைப் பாதுகாப்பாய்ப் பாரமெடுக்கிற இடம் ஏதும் உங்களுக்குத் தெரிஞ்சால் சொல்லுங்கோ.